வெனீர் ஒட்டியாயிற்று, இனி ஓரத்தைக் கவனியுங்கள்

எங்களிடம் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு, கேட்டு வருகிறவர்களில் பலர் நடிகர்களைப் போலச் சிரிக்க ஆசைப்பட்டு வருவதில்லை. சிறுவயதில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள். சேலம், தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதற்கு மேற்பட்ட நீரைக் குடித்துவந்தால், வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் பல்லோடு சேர்ந்தே வளர்ந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் 11 ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். வேலை முடிந்ததும் கண்ணாடியை நீட்டுவது நான்தான். சிரித்துப் பாருங்கள் என்றால், முதலில் கைதான் வாயை மூட எழும். இத்தனை வருடப் பழக்கம். பாதி வழியில் அந்தக் கை நின்று, மெல்லக் கீழே இறங்கும். அதைப் பார்த்த பிறகு அந்தப் பற்களை எப்படியாவது காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். மறுநாள் தொலைபேசியில் எல்லாரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெனீர் என்பது கேப் அல்ல. கேப் பல்லைச் சுற்றிலும் மூடும். வெனீர் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். பீங்கான் வெனீரின் கனம் பொதுவாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர், ஏறக்குறைய உங்கள் விரல் நகத்தின் கனம். பீங்கானுக்குச் சொத்தை வராது. ஆனால் அது முடிந்து பல் தொடங்கும் இடத்தில், ஈறை ஒட்டி, மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. அங்கே அழுக்கு தங்கினால் அடியில் இருக்கும் பல் சொத்தையாகும், ஈறு வீங்கும், கோடு கறுக்கும். நான் பார்த்தவரை பளபளப்பு போய்விட்டது என்று திரும்பி வந்தவர்கள் குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பழுதானது ஓரம்தான்.

நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்

அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். நாக்கு நுனியால் ஒவ்வொரு பல்லின் பின்பக்கத்தையும் இடுக்கையும் தடவிப் பாருங்கள். மணல் போல ஏதாவது தட்டுப்பட்டால் அது வழிந்து இறுகிய ஒட்டுப்பசை. அங்கேயே எடுத்துவிடுவது சுலபம்.

பல் இடிக்கும் இடத்தைக் காட்டும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லும்போது, முன்பக்கமாகவும் இரு பக்கவாட்டிலும் தாடையை நகர்த்திக் கடியுங்கள். வாய் மரத்திருப்பதால் அப்போது சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். மரப்பு தெளிந்த பிறகு ஒரு பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் இடித்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கடியிலும் அந்த ஒரு பல் அடி வாங்குகிறது என்று பொருள். மறுநாளே போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள், சில நிமிட வேலைதான்.

இன்னொன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒட்டியது பீங்கானா, காம்போசிட் என்னும் பல்நிறப் பிசினா, என்ன நிற எண், என்ன தேதி. பீங்கான் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும், காம்போசிட் 5 முதல் 7 ஆண்டுகள். எட்டு வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு வெனீரை மாற்ற நேர்ந்தால், மற்றவற்றோடு நிறம் பொருந்த அந்தச் சீட்டு உதவும்.

ஃபுளோரைடு கறைக்காக ஒட்டிக்கொண்டவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் எனாமலை, அதாவது பல்லின் மேலோட்டை, அமிலத்தால் சொரசொரப்பாக்குவார்கள்; கறை ஆழமாகப் படிந்த எனாமலில் அந்த அமிலம் எளிதில் வேலை செய்யாது. அதனால் பசையின் பிடி சற்றுக் குறையலாம். உங்கள் பல் அந்த வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், கீழே சொல்லும் கடிக்கும் விதிகள் உங்களுக்கு இன்னும் கண்டிப்பானவை.

முதல் நாள்

மரத்துப்போன உதடு தெளிய 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பிட வேண்டாம். உதட்டையும் கன்னத்தையும் நாமே கடித்துக்கொண்டாலும் அப்போது தெரியாது. சூடான காபியும் அப்படித்தான்: சுட்டது இரவில்தான் தெரியும்.

பசை ஒளியில் உடனே இறுகிவிடும் என்றாலும் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். அன்று இரவு இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம், பருப்புக் கஞ்சி போதும். பின்பற்களால் மெல்லுங்கள். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். காம்போசிட் ஒட்டியிருந்தால் முதல் 48 மணி நேரம் மஞ்சள் சேர்ந்த குழம்பு, பீட்ரூட், காபி, டீ ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள்.

ஏற்காட்டுக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு என் யோசனை: முடிந்தால் அன்று இரவு சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஒருமுறை காட்டிவிட்டு மலையேறுங்கள். பல் இடிப்பது மாலையில் மரப்பு தெளிந்த பிறகுதான் தெரியவரும். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுவது வீண் அலைச்சல்.

பேச்சில் ச, ஸ போன்ற ஒலிகள் இரண்டு மூன்று நாள் வழுக்கலாம். பல்லின் நுனி சற்றே மாறியிருப்பதால் நாக்கு இடம் தேடுகிறது. தினமும் நாளிதழில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள், சீக்கிரம் சரியாகும்.

கூச்சம்: எது இயல்பு, எது இல்லை

குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்று கூசி உடனே அடங்குவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைய வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி காலையில் வாயைத் திறந்து பேசிக்கொண்டு நடந்தால் அந்தக் காற்றே கூச வைக்கும். மூக்கால் மூச்சு விடுங்கள், வாயை மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள்.

ஈறு சிவந்து சற்று வலிப்பதும் முதல் வாரத்தில் உண்டு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து, நாளுக்கு மூன்று முறை மெல்லக் கொப்பளியுங்கள்.

இயல்பு அல்லாதவை இவை. சூடு பட்டு வலி வந்து, வாயிலிருந்து அதை எடுத்த பிறகும் நிமிடக் கணக்கில் விண்விண் என்று தெறிப்பது. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி. ஈறில் சீழ்க் கொப்புளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். உள்ளே இருக்கும் நரம்பு சிரமப்படுகிறது. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேய்ப்பது

மென்மையான பிரஷ், காலையும் இரவும் 2 நிமிடம். பிரஷை ஈறுக் கோட்டில் சாய்வாக வைத்துச் சிறு வட்டங்களாகச் சுழற்றுங்கள். ரம்பம் போல இழுத்தால் ஈறு மேலேறி, மறைந்திருக்க வேண்டிய ஓரம் வெளியே தெரிந்துவிடும்.

கரித்தூள், சாம்பல், உப்பு, சமையல் சோடா, சொரசொரப்பான பல்பொடி, வெண்மையாக்கும் பேஸ்ட் எதுவும் வேண்டாம். பீங்கானின் மேற்பூச்சை அவை மெல்ல மெல்லக் கீறும். கீறல் விழுந்த இடத்தில் கறை ஏறும். வேப்பங்குச்சிப் பழக்கம் உள்ள பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், தெரியும். பின்பற்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், முன்பற்களை விட்டுவிடுங்கள்.

எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கும் ஒரு பயம்: ஃபுளோரைடால்தானே பல் இப்படி ஆனது, ஃபுளோரைடு பேஸ்ட் போட்டால் கறை திரும்ப வராதா? வராது. அந்தக் கறை பல் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், எனாமலுக்குள் பதிவது. வளர்ந்து முடிந்த பல்லில் பேஸ்ட்டால் அது ஏற்படாது. உங்கள் ஓரத்தைச் சொத்தையிலிருந்து காப்பதே அந்த ஃபுளோரைடுதான். பேஸ்ட்டை விழுங்கிவிடும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்: மூன்று வயது வரை அரிசி மணியளவு, அதன் பிறகு பட்டாணியளவு.

எச்சரிக்கை வேறு இடத்தில் தேவைப்படுகிறது. சில மருத்துவமனைகளில் சொத்தை வராமலிருக்கத் தடவும் அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல், பீங்கானின் பளபளப்பை அரித்துவிடும். வேறொரு மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யப் போனால், வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களுக்கு வெனீர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நல்ல வெனீரைப் பார்த்ததும் கண்டுபிடிப்பது கடினம். ஜெல்லும், சுத்தம் செய்யும் கருவியை ஓரத்தில் வைக்கும் விதமும் அந்த ஒரு சொல்லால் மாறும்.

மவுத்வாஷ் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் ஆல்கஹால் இல்லாதது. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்பு ஏறும்.

இடுக்கில் நூல்

எத்தனை முறை சொன்னாலும் விட்டுப்போவது இதுதான். இரண்டு வெனீர்கள் சந்திக்கும் இடுக்கில் பிரஷ் நுழையாது. பல் இடுக்கு நூல், அதாவது ஃபிளாஸ், மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

ஒரு முழம் நூல் எடுங்கள். இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, இடையில் இரண்டு அங்குலம் விட்டுப் பிடியுங்கள். இடுக்கில் வைத்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் நூல் வழுக்கி உள்ளே இறங்கும்; வெடுக்கென்று அழுத்தினால் ஈறை வெட்டும். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் நூலை வளைத்து, ஈறின் விளிம்புக்குள் சற்றே நுழைத்து, மேலும் கீழும் நான்கைந்து முறை தடவுங்கள். பிறகு பக்கத்துப் பல்லை அதேபோல.

வெளியே எடுப்பதில்தான் நுட்பம். வந்த வழியே இழுக்காதீர்கள். ஒரு கையிலிருக்கும் முனையை விட்டுவிட்டு, மறு கையால் நூலைப் பக்கவாட்டில் உருவுங்கள், ஊசியிலிருந்து நூலை உருவுவது போல. முதல் சில வாரங்களாவது இப்படிச் செய்தால் புது ஓரத்தில் இழுவை விழாது.

நூல் ஒரு பரிசோதனைக் கருவியும்கூட. தினமும் ஒரே இடத்தில் சிக்கினாலோ, இழை பிரிந்து வந்தாலோ அங்கே பசைத் துணுக்கு இருக்கிறது, அல்லது ஓரம் திறந்திருக்கிறது. கண்ணாடியில் தெரிவதற்குப் பல மாதம் முன்பே நூல் சொல்லிவிடும். முதல் சில நாள் ரத்தம் கசிந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். சுத்தமாகத் தொடர்ந்தால் ஓரிரு வாரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஈறைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பல்குத்தும் குச்சி, ஊக்கு, ஹேர்பின் எதையும் ஓரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

முன்பல்லால் எதையும் உடைக்காதீர்கள்

வெனீர் நேராக அமுக்கும் விசையைத் தாங்கும். நெம்பும் விசையைத் தாங்காது. பல்லை எதிலாவது பதித்து, கையால் இழுக்கும் எல்லாச் செயலும் நெம்புவதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதைச் சாப்பிடலாம் என்று பட்டியல் தேட வேண்டியதில்லை.

சேலத்தில் இருந்துகொண்டு, இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவல் வைத்துத் தரும் தட்டுவடை செட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. விட வேண்டியதும் இல்லை. முதல் வாரம் கழியட்டும். பிறகு, சின்னத் தட்டுவடையாகப் பார்த்து வாங்கி, செட்டை முழுதாக வாய்க்குள் வைத்துக் கடைவாயில் நொறுக்குங்கள். பாதியை முன்பல்லில் கடித்து மீதியைக் கையில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. நொறுக்கல் என்றால் இன்னும் நல்லது, கடைக்காரரே கையால் உடைத்துத் தந்துவிடுகிறார். உள்ளே பீட்ரூட் துருவல் இருக்கும், சாப்பிட்டதும் தண்ணீரால் கொப்பளியுங்கள். முறுக்கு, சீடை, எள்ளுருண்டை எல்லாம் கையால் உடைத்துப் பின்பல்லுக்கு.

மாம்பழ முறை வேறு. மல்கோவாவோ இமாம் பசந்தோ, பழத்தைத் துண்டு போட்டுச் சாப்பிடுவதில் ஒரு தொல்லையும் இல்லை. கொட்டையை முன்பல்லால் சுரண்டிச் சப்புவதுதான் கூடாது. நாரும் ஓரத்தில் சிக்கும், பல்லும் நெம்பப்படும். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயைக் கீற்றாக நறுக்கிப் பக்கவாட்டில் கடியுங்கள். கொய்யாவை வெட்டுங்கள். கரும்பைக் கத்தியால் சீவித் துண்டாக்குங்கள். ஏற்காடு ஏரிக்கரையில் சுட்ட சோளக்கதிர் வாங்கினால் முத்துகளை விரலால் உதிர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டெலும்பைக் கடிப்பதும் ஐஸ்கட்டியை மெல்லுவதும் இனி உங்களுக்கு இல்லை.

சாப்பாட்டைவிட அதிகம் உடைப்பது பழக்கங்கள். பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழிப்பது. பூக்கட்டும்போது வாழைநாரைக் கடித்து இழுப்பது. தைக்கும்போது நூலைப் பல்லால் அறுப்பது. தலை பின்னும்போது ஹேர்பின்னைப் பல்லால் விரிப்பது. நகம் கடிப்பது, பேனா மூடியைக் கடிப்பது. இவை கையோடு சேர்ந்த பழக்கங்கள் என்பதால் அறிவுரை பயன்படாது. பொருளை மாற்றுங்கள். அடுப்படியில் ஒரு கத்தரிக்கோலை ஆணியில் மாட்டுங்கள், பூக்கூடைக்குள் இன்னொன்று, தையல் பெட்டியில் ஒன்று. இதைச் செய்தவர்களுக்குப் பழக்கம் விட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

கறையும் காபியும்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 1820களில் வந்துவிட்டது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் கொண்டுவந்தது. இரண்டு நூற்றாண்டுப் பழக்கத்தை வெனீருக்காக விட வேண்டாம். பீங்கானில் காபிக் கறை ஏறாது. ஓரத்துப் பசையிலும் பக்கத்து இயற்கைப் பல்லிலும் ஏறும். காம்போசிட்டில் எல்லா இடத்திலும் ஏறும். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் சுழற்றி விழுங்குங்கள். நாள் முழுக்க மிடறு மிடறாகக் குடிப்பதைவிட உட்கார்ந்து ஒரேயடியாகக் குடித்துவிடுவது மேல்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா, சிகரெட் ஆகியவற்றுக்கு இப்படிச் சமரசம் கிடையாது. பாக்கு ஓரத்தை உடைக்கும், புகையிலை ஈறைக் கெடுக்கும், வாய்ப் புற்றுநோய்க்கும் இவையே வழி.

பற்களை வெளுக்கச் செய்யும் பிளீச்சிங் வெனீரின் நிறத்தை மாற்றாது. சுற்றியுள்ள பற்கள் மட்டும் வெளுத்து வெனீர் மங்கித் தெரியும். அது வேண்டுமென்றால் வெனீருக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

தூக்கத்தில் பல் கடிப்பவர்கள்

நீங்கள் கடிப்பது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள். காலையில் தாடை வலித்தாலோ பொட்டில் பாரமாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். உங்கள் பல்லின் அளவெடுத்துச் செய்யும் நைட் கார்டை, அதாவது பல்லுக்கு மேல் போடும் உறையை, இரவில் மாட்டிக்கொண்டால் வெனீர் தப்பும். கடையில் வாங்கும் ஒரே அளவுக் கார்டு வேண்டாம். கார்டைச் சாதாரணத் தண்ணீரில், மென்மையான பிரஷால் கழுவுங்கள், வெந்நீரில் வளைந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டாலும் அதே கதிதான்.

கிரிக்கெட், கபடி ஆடுகிறவர்களுக்கு விளையாட்டுக்கான வாய்க்கவசம் தனி.

கழன்றால், உடைந்தால்

ஒட்டிய இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். இடையில் மாதம் ஒரு நாள், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, உதட்டைத் தூக்கி, ஈறுக் கோட்டை ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். கறுத்த கோடு, ஊதா நிற ஈறு, நகம் தட்டும் விளிம்பு என எது தெரிந்தாலும் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நுனி சற்றே சிதறினால் பெரும்பாலும் தேய்த்து மெருகேற்றிவிடலாம். கூரான விளிம்பு நாக்கைக் கிழிக்காமலிருக்க, மருத்துவரிடம் போகும்வரை பல் கம்பிக்குப் போடும் மெழுகை வைத்து அழுத்திக்கொள்ளலாம். வெனீரை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முழுதாகக் கழன்றால் கடையில் விற்கும் உடனடிப் பசையைத் தொடாதீர்கள். வெனீர் நிற்பது வெறும் பசையின் பலத்தால் அல்ல. 1928இல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு ஒட்டிய மெல்லிய தகடுகள் படப்பிடிப்பு முடியும்வரை நின்றால் போதும் என்று செய்தவை. 1955இல் மைக்கேல் புவனகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அப்படியே சொரசொரப்பாக்கத் தொடங்கிய பிறகுதான் வெனீர் ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிகளில்தான் பிடி இருக்கிறது. கடைப் பசை அவற்றை அடைத்துவிடும்; பல்லையும் ஈறையும் புண்ணாக்கும்.

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, பேத்தியின் கழன்ற வெனீரைக் குங்குமச் சிமிழில் வைத்துக் கொண்டுவந்தார். சிமிழைச் சிவப்பு போகக் கழுவித் துடைத்து, அடியில் ஈரப்பஞ்சு, மேலே ஒரு பஞ்சு. பேத்தி வழியெல்லாம் அந்தப் பல்லால் எதையும் கடிக்கவில்லை. மூடியைத் திறந்து விளக்கொளியில் திருப்பிப் பார்த்தேன்: ஒரு கீறல்கூட இல்லை, உட்புறமும் சுத்தமாக இருந்தது. மருத்துவர் அதையே சுத்தம் செய்து அன்று மதியமே திரும்ப ஒட்டிவிட்டார்.